மாதிரி வீட்டில் ஒரு குடித்தனம்

பதினெட்டு வயது நிறைவதற்குச் சரியாகப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது தும்மலுக்கு ஒரு வாழ்த்துக் கடிதம் வந்தது. 'அன்பான இளைய குடிமகளே, நீங்கள் விரைவில் சுதந்திரமடையப் போகிறீர்கள்' என்று ஆரம்பித்து, 'அன்று காலை பத்து மணிக்குள் கட்டிலைக் காலி செய்யவும்' என்று முடிந்தது. நடுவில் ஒரு மலர்ச்செண்டின் படம் போட்டிருந்தார்கள்.

பெற்றோர் இல்லாத பிள்ளைகளுக்கான அந்த இல்லத்தின் பதிவேட்டில் அவளுக்கு வேறு பெயர் உண்டு. ஆனால் ஏழு வயதில் வந்து சேர்ந்த அன்று, வார்டனம்மா விவரம் எழுதிக்கொள்ளப் பழைய பதிவேட்டைத் தட்டித் திறந்ததும் அவள் தொடர்ந்து பதினான்கு தும்மல் போட்டாள். அன்றோடு பழைய பெயர் போயிற்று. அவள் இடுப்பில் கைக்குழந்தையாக வந்த தங்கை, சின்னத் தும்மல் ஆனாள். அந்தப் பிள்ளை ஆண்டுக்கு ஒரு தடவை தும்மினாலே அதிகம் என்பதை யாரும் பொருட்படுத்தவில்லை.

கடிதத்தைப் படித்த தும்மலுக்குத் தன்னைப் பற்றிப் பெரிய கவலை இல்லை. மூன்று மாதமாக ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கிறாள். காகிதம் சிக்கினால் முதலாளி இயந்திரத்தை உதைப்பார். அவள் பக்கவாட்டு மூடியைத் திறந்து இரண்டு விரலால் எடுத்துவிடுவாள். பிழைத்துக்கொள்வாள். அவளைப் பயமுறுத்தியது இல்லத்தின் வருகையாளர் விதிதான். பிள்ளைகளைப் பார்க்க வருகிற உறவினர், அதிகாரி கையெழுத்துப் போட்ட நிலையான முகவரிச் சான்றைக் காட்ட வேண்டும். சான்று இல்லாவிட்டால் அக்காவானாலும் தெருவில் போகிறவள்தான்.

"அப்போ நீ வெளிய போயிட்டா என்னைப் பார்க்க வர முடியாதா?" என்றாள் சின்னத் தும்மல்.

"வீடு பிடிச்சுட்டு வர்றேன்டி."

"எப்படிப் பிடிப்பே?"

அது நியாயமான கேள்வி. தும்மல் ஏற்கெனவே ஒன்பது வீட்டுப் படி ஏறி இறங்கியிருந்தாள். எல்லா வீட்டுக்காரர்களும் அறையைக் காட்டினார்கள், ஜன்னலைத் திறந்து காற்றைக் காட்டினார்கள், பிறகு "அப்பா என்ன பண்றார்?" என்று கேட்டார்கள். பதிலைச் சொன்னதும் அந்த அறைக்கு உறவுக்காரப் பையன் ஒருவன் ஊரிலிருந்து வரப்போவது எல்லாருக்கும் ஒரே மாதிரி ஞாபகம் வந்தது.

"நம்மளை மாதிரி பிள்ளைங்களுக்கு வீடு பார்த்துக் கொடுக்கறதுக்குன்னே ஒரு ஆபீஸ் இருக்குடி. மூணு மாடி ஆபீஸ்."

"மூணு மாடியா?" சின்னவள் உதட்டைப் பிதுக்கினாள். "அப்போ ரொம்ப நாளாகும்."

இளையோர் சுயசார்பு மாற்றத் துறை என்று பெயர். ஒவ்வொரு மாடிப்படியிலும் ஒரு பெண்ணோ பையனோ சூட்கேஸோடு சூரியனைப் பார்த்துச் சிரிக்கும் படம் மாட்டியிருந்தது. முதல் மாடியில் வழிகாட்டி அதிகாரி இருந்தார். வழிகாட்டுவது அவர் வேலை என்பதால் தன் அறை எங்கே என்று வெளியில் எழுதி வைக்கவில்லை. தேடிக் கண்டுபிடிப்பதும் பயிற்சியில் சேர்த்தி.

அவர் நல்ல மனிதர். அவளை உட்கார வைத்து, விண்ணப்பத்தை எடுத்து, சட்டைப் பையிலிருந்த மூன்று பேனாக்களில் நல்ல பேனாவாகப் பார்த்து எடுத்தார்.

"இப்போதைய முகவரி?"

தும்மல் இல்லத்தின் முகவரியைச் சொன்னாள்.

"அது பன்னிரண்டு நாள்ல செல்லாம போயிடும். செல்லாத முகவரியை எழுதினா பொய்த் தகவல் ஆயிடும்மா."

"அப்போ காலியா விட்டுடுங்க சார்."

"காலியா விட்டா விண்ணப்பம் முழுமையாகாது. உனக்கு எந்த வீடு கிடைக்கப்போகுதோ, அந்த முகவரியைச் சொல்லேன்."

"அதைக் கேட்டுத்தானே சார் வந்திருக்கேன்?"

அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவளை வாஞ்சையோடு பார்த்தார். "துறையோட கஷ்டத்தை இவ்வளவு சீக்கிரம் புரிஞ்சுக்கிற பிள்ளைங்க ரொம்பக் கம்மிம்மா."

அரை மணி நேர யோசனைக்குப் பிறகு அந்தக் கட்டத்தில் 'உருவாகிக்கொண்டிருக்கிறது' என்று எழுதினார். எழுதியதைத் தானே இரண்டு தடவை படித்துப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். விண்ணப்பத்துக்கு ஏழு நகல் வேண்டும் என்றார். அதை எடுக்கத் தும்மல் தன் கடைக்கே போனாள். "இந்தத் துறை இல்லேன்னா நான் எப்பவோ கடையை மூடியிருப்பேன்" என்று முதலாளி சந்தோஷமாக இயந்திரத்தைத் தட்டிக்கொடுத்தார்.

அடுத்தது தகுதித் தேர்வு. தனியாக வாழத் தெரிந்தவர்களுக்குத்தான் வீடு. தெரியாதவர்களுக்கு வீடு கொடுத்து என்ன பயன்? மின்விசிறி மெதுவாகச் சுற்றும் ஓர் அறையில் வழிகாட்டி அதிகாரியே கேள்வி கேட்டார்.

"ஒரு முட்டையை வேகவைக்க எவ்வளவு நேரம் ஆகும்?"

தும்மலுக்குச் சிரிப்பு வந்தது. இல்லத்தில் வாரத்தில் இரண்டு நாள் அவள் முறை. "எத்தனை முட்டை சார்? நாற்பது முட்டைன்னா பெரிய குண்டானே சூடாக கால் மணி ஆகும்."

"ஒரு முட்டை."

"ஒரு முட்டையை நான் வேகவெச்சதே இல்லையே சார்."

அதிகாரி வருத்தத்தோடு ஒரு கோடு போட்டார். பிறகு எழுத்துத் தேர்வு. தும்மலின் பேனா இரண்டாவது வரியில் நின்றுபோனது. உதறினாள், ஊதினாள், தேய்த்தாள். "சார், ஒரு பேனா தர்றீங்களா?"

அவர் பேனாவைக் கொடுத்தார். கொடுத்துவிட்டு முடிவையும் எழுதினார்: 'தேர்வர் பிறரைச் சார்ந்திருக்கும் மனப்பான்மை உள்ளவர். தோல்வி.'

இரண்டு நாள் கழித்து மறு தேர்வு. தும்மல் ஆறு பேனாவோடு போனாள். ஒரு முட்டைக்கு எட்டு நிமிஷம் என்றாள். யாரிடமும் எதுவும் கேட்காமல், தலை நிமிராமல் எழுதி முடித்தாள். முடிவு மறுநாள் வந்தது: 'தேர்வர் தேவையான நேரத்தில் உதவி கேட்கத் தயங்குகிறார். தோல்வி.'

"பேனா கேட்டாலும் தப்பு, கேட்காட்டியும் தப்பா சார்?"

"தப்புன்னு யாரு சொன்னா? ரெண்டு பக்கமும் உன்னை மதிப்பிட்டிருக்கோம். சராசரி பார்த்தா நீ பாஸ்."

அப்படித்தான் அவள் பாஸானாள். பாஸானவர்களுக்குப் பரிசாக மாதிரி வீட்டில் ஒரு மணி நேரப் பயிற்சி.

மாதிரி வீடு தரைத்தளத்தில் இருந்தது. ஒரு படுக்கையறை, ஒரு சமையலறை, ஒரு குளியலறை. கட்டில் மெத்தை மேல் வாங்கிய நாளிலிருந்து பிரிக்காத பிளாஸ்டிக் உறை. மேஜையில் மெழுகு ஆப்பிள். குழாய் பளபளவென்று இருந்தது. சுவருக்குள் போகாமல் சுவரில் ஒட்டியிருந்தது. இத்தனையையும் சுற்றி இடுப்பளவில் ஒரு சிவப்புக் கயிறு.

அந்த வீட்டைத் திறந்து மூடுகிறவர் சாவி அக்கா. ஐம்பது வயதிருக்கும். இடுப்பில் சாவிக் கொத்து, கையில் ஈரத்துணி. "ஒன்பது வருஷமா தினம் ரெண்டு வேளை துடைக்கறேன்" என்றார் தும்மலிடம். "இதுவரைக்கும் ஒருத்தர்கூட இந்தக் கட்டில்ல காலை நீட்டிப் படுத்ததில்ல."

"ஏங்கா, இங்கயே யாரையாவது குடி வெச்சா என்ன?"

அது வழிகாட்டி அதிகாரியின் காதில் விழுந்தது. அவர் அதிர்ந்துபோனார். "இது மாதிரி வீடும்மா. இதுல ஆள் இருந்தா அப்புறம் இது வீடாயிடுமே!"

பயிற்சியில் கதவைத் திறப்பது எப்படி, விருந்தாளியை வரவேற்பது எப்படி, விளக்கை அணைப்பது எப்படி என்று கயிற்றுக்கு வெளியே நின்றபடி சொல்லிக் கொடுத்தார்கள். விளக்கு எரியவில்லை என்பதால் அணைத்துவிட்டதாக வைத்துக்கொள்ளச் சொன்னார்கள்.

பிறந்தநாளுக்கு மூன்று நாள் முன்பு ஆதரவு வட்டம் கூடியது. தும்மலை நடுவில் ஒரு நாற்காலியில் உட்கார வைத்து, சுற்றிலும் ஒன்பது அதிகாரிகள் உட்கார்ந்தார்கள். ஒவ்வொருவரும் எழுந்து, தான் எந்தப் பிரிவு, தன் பிரிவுக்கும் பக்கத்துப் பிரிவுக்கும் என்ன வேறுபாடு என்று சொன்னார்கள். ஏழாமவர் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டிருக்கும்போது தேநீர் வந்தது. ஒன்பதாமவர் முடித்தபோது கூட்டத்துக்கு ஒதுக்கிய நேரம் முடிந்தது. ஆனாலும் துறையின் இயக்குநர் ஐந்து நிமிஷம் பேசினார். நல்ல உயரம், நல்ல குரல். பேசும்போது கண் லேசாகக் கலங்கும்.

"இந்தப் பிள்ளை இன்னும் மூணு நாள்ல தனியா நிக்கப் போறா. ஆனா நாம அவளைத் தனியா விட மாட்டோம். கடைசி நிமிஷம் வரைக்கும் கூட்டம் போடுவோம்!"

ஒன்பது பேரும் கை தட்டினார்கள்.

"வீடுன்னா என்ன? செங்கல்லா? சுவரா? இல்ல! வீடுங்கறது ஒரு உணர்வு. அந்த உணர்வை இந்தத் துறை எல்லாப் பிள்ளைங்களுக்கும் கொடுத்திருக்கு. சுவர்தான் இன்னும் கொடுக்கலை."

"எனக்குச் சுவர் போதும் சார்" என்றாள் தும்மல்.

இயக்குநர் நெகிழ்ந்துபோய், "எவ்வளவு எளிமை பாருங்க" என்று மற்றவர்களிடம் சொன்னார். அடுத்த கூட்டம் அடுத்த மாதம் என்று முடிவாயிற்று.

பிறந்தநாளும் வந்தது. காலை ஒன்பதரைக்கு வார்டனம்மா தும்மலின் கையில் ஒரு பை, சுயசார்புச் சான்றிதழ், துறையின் பரிசான கால்மிதி மூன்றையும் கொடுத்தார். கால்மிதியில் 'நல்வரவு' என்று எழுதியிருந்தது. அதை எந்த வாசலில் போடுவது என்று எழுதவில்லை. வார்டனம்மா பையின் வாரை அவள் தோளில் சரியாக மாட்டிவிட்டார். "விதியை நான் எழுதலைடி" என்று மட்டும் சொன்னார். சின்னத் தும்மல் அழவில்லை, கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "ஞாயித்துக்கிழமை வருவேல்ல?" என்றாள். தும்மல் தலையை ஆட்டினாள். தெருமுனை திரும்புகிற வரைக்கும் ஆட்டிக்கொண்டே போனாள்.

போவதற்கு வேறு இடம் இல்லாததால் நேரே துறைக்குப் போனாள். அங்கே கட்டடமே அல்லோலகல்லோலப்பட்டது. பன்னிரண்டு மணிக்குத் தலைமையகத்திலிருந்து ஆய்வுக் குழு வருகிறதாம். படிக்கட்டுப் படங்களைத் துடைக்கிறார்கள், இரண்டாம் மாடிக் கோப்புகளை மூன்றாம் மாடிக்கும், மூன்றாம் மாடிக் கோப்புகளை இரண்டாம் மாடிக்கும் தூக்குகிறார்கள். வழிகாட்டி அதிகாரி பேயறைந்த மாதிரி ஓடி வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கடவுள் மாதிரி வந்தேம்மா! வீடு கிடைச்ச பிள்ளை ஒண்ணைக் காட்டணும்னு கேட்கறாங்க. ஒன்பது வருஷத்துல ஒருத்தர் பேர்கூடச் சிக்கலை. நீ ஒரு மணி நேரம், ஒரே ஒரு மணி நேரம், மாதிரி வீட்டுல வாழ்ந்து காட்டிடு."

"வீடு கிடைக்காத பிள்ளை சார் நானு."

"அது போன கோப்பு. இது புதுக் கோப்பு."

தும்மல் யோசித்தாள். பை கனத்தது, கால் வலித்தது. "சரி சார். ஆனா குழாய்ல தண்ணி வரணும், விளக்கு எரியணும். கேட்டாங்கன்னா நான் பொய் சொல்ல மாட்டேன்."

"கொஞ்சம் நடிம்மா."

"நடிக்க வராது சார். தும்மல்தான் வரும்."

அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். அப்போது சாவி அக்கா, "என் தம்பி குழாய் வேலைதான் பார்க்கறான், ஒரு போன் போட்டா வந்துடுவான்" என்றார். தம்பி வந்தார். ஒன்பது ஆண்டு நிலுவையில் இருந்த தண்ணீர் இணைப்பு நாற்பது நிமிஷத்தில் முடிந்தது. அதில் பத்து நிமிஷம், அனுமதி தர வேண்டிய பிரிவு எது என்று அவரிடம் மூன்று அதிகாரிகள் விளக்கியதில் போனது. அவர் சுவரை உடைத்துக்கொண்டே கேட்டார். அடுப்புக்கு எரிவாயு வந்தது. விளக்கு எரிந்தது. சாவி அக்கா யாரையும் கேட்காமல் மெத்தையின் பிளாஸ்டிக் உறையைச் சர்ரென்று கிழித்தார். "நான் எத்தனை வருஷமா இதுக்குக் காத்திருந்தேன் தெரியுமா?" என்றார். சிவப்புக் கயிற்றைச் சுருட்டித் துடைப்பத்துக்குப் பின்னால் போட்டார்.

குழுத் தலைவி அறுபதை நெருங்கியவர், முழங்கால் வலிக்காரர். மூன்று மாடி ஏறி இறங்கியதில் முகம் சிவந்திருந்தது. பின்னால் இயக்குநர் பேசிக்கொண்டே வந்தார்.

"எங்ககிட்ட வீடு வாங்கின பிள்ளைங்களைத் தேடாதீங்கம்மா. அவங்க முழு சுதந்திரத்தோட இருக்காங்க. அதனாலதான் எங்க இருக்காங்கன்னே எங்களுக்குத் தெரியலை."

தலைவி மாதிரி வீட்டுக்குள் நுழைந்ததும் கட்டிலில் பொத்தென்று உட்கார்ந்தார். ஒன்பது அதிகாரிகளும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். கட்டில் தாங்கியது.

"கொஞ்சம் தண்ணி கொடும்மா."

தும்மல் குழாயைத் திறந்தாள். அது இரண்டு தடவை இருமியது. பிறகு தண்ணீர் கொட்டியது. வழிகாட்டி அதிகாரி கண்ணை மூடித் திறந்தார். தலைவி தண்ணீரைக் குடித்துவிட்டு, துறையின் செய்தி மடலுக்குப் படமெடுக்க வந்தவர் கேமராவைத் தூக்க, தும்மலைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார்.

"எப்போ வந்தே இங்க?"

"இன்னிக்குக் காலையிலதாம்மா."

"நல்லது. எவ்வளவு நாள் இருக்கலாம்னு சொல்லியிருக்காங்க?"

தும்மல் பொய் சொல்லவில்லை. "ஒரு—" என்று ஆரம்பித்தாள்.

"ஒரு வரம்பும் கிடையாதும்மா!" இயக்குநர் பாய்ந்து நடுவில் வந்தார். கேமராவைப் பார்த்ததும் அவருக்குக் குரல் தானாக ஏறியது. "எவ்வளவு நாள் வேணுமோ அவ்வளவு நாள்! இது இந்தப் பிள்ளையோட வீடு! இவ கையைப் பிடிச்சு வெளிய தள்ளுற அதிகாரம் இந்தத் துறையில யாருக்கும் இல்ல. எனக்கே இல்ல!"

"எழுத்துல கொடுத்தாச்சா?" என்றார் தலைவி.

"கோப்பு நகர்ந்துக்கிட்டே இருக்கும்மா" என்றார் வழிகாட்டி அதிகாரி.

"எங்க நகருது?"

"காலையில ரெண்டாம் மாடியில இருந்து மூணாம் மாடிக்கு நகர்ந்துச்சு."

தும்மல் பையைத் திறந்தாள். இல்லத்தின் முகவரிச் சான்றுப் படிவம் அதில் இருந்தது, ஜெராக்ஸ் கடைக்காரி ஆயிற்றே, மூன்று பிரதியாக. "இதுல கையெழுத்துப் போட்டா போதும் சார். என் தங்கச்சியைப் பார்க்கப் போகணும். பதினோரு வயசு. ஞாயித்துக்கிழமை வர்றேன்னு சொல்லிட்டேன்." கடைசி வார்த்தையில் அவள் குரல் கொஞ்சம் உடைந்தது. அதை அவள் நடிக்கவில்லை.

தலைவி இயக்குநரைப் பார்த்தார். கேமரா இயக்குநரைப் பார்த்தது. இயக்குநர் சட்டைப் பையைத் தடவினார், இன்னொரு பையைத் தடவினார், கடைசியில் தும்மலிடம் திரும்பி, "ஒரு பேனா இருக்காம்மா?" என்றார்.

வழிகாட்டி அதிகாரியின் கை பழக்கதோஷத்தில் குறிப்பேட்டைத் திறந்தது. சட்டென்று மூடிக்கொண்டார்.

மூன்று பிரதியிலும் கையெழுத்து விழுந்தது. முத்திரையைச் சாவி அக்கா ஓடிப்போய் எடுத்து வந்தார்.

குழு போன பிறகு அவளை வெளியேற்ற யாரும் முயலவில்லை என்று சொல்ல முடியாது. மறுநாளே அவசரக் கூட்டம் கூடியது. ஆனால் வெளியேற்ற வேண்டுமென்றால் அவளை 'வீடு இழந்தவர்' என்று பதிய வேண்டும். துறைக்கு ஒன்பது ஆண்டில் கிடைத்த ஒரே வெற்றியை யார் தோல்வியாக மாற்றிக் கையெழுத்துப் போடுவது? ஒன்பது பிரிவும் அது தங்கள் பிரிவு இல்லை என்று நிரூபித்தன. தலைமையகத்திலிருந்து பாராட்டுக் கடிதமும் வந்துவிட்டது; இதேபோல இன்னும் இருபது வீடு கட்டக் கணக்குக் கேட்டிருந்தார்கள். இயக்குநர் அந்தக் கடிதத்தைச் சட்டம் போட்டு மாட்டி, தன் யோசனைதான் என்று தானே நம்பத் தொடங்கினார். வழிகாட்டி அதிகாரி மட்டும் ஒருநாள் தயங்கித் தயங்கி வந்து, "முகவரிக் கட்டத்தை இப்போ நிரப்பிடலாமாம்மா?" என்று கேட்டு, 'உருவாகிக்கொண்டிருக்கிறது' என்பதை அடித்து எழுதினார். அவர் கண்ணில் உண்மையாகவே தண்ணீர் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தும்மல் சான்றை நீட்ட, வார்டனம்மா அதை முன்னும் பின்னும் பார்த்தார். "துறைக்குள்ளயேவா குடியிருக்கே?" என்றார், பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு, சாயங்காலம் வரை தங்கையைக் கூட்டிப்போக அனுமதி எழுதினார்.

சின்னத் தும்மல் வீட்டை அங்குலம் அங்குலமாகச் சோதித்தாள். குழாயைத் திறந்து மூடினாள். விளக்கைப் போட்டு அணைத்தாள். கட்டிலில் நின்று குதித்தாள். கடைசியாகக் கதவருகே போய் நின்றாள்.

"அக்கா, இதுல தாழ்ப்பாள் உள்பக்கம் இருக்கு!"

அக்கா வந்து பார்த்தாள். இல்லத்தில் எல்லாத் தாழ்ப்பாளும் வெளியேதான். தும்மல் அதைப் பிடித்து மெதுவாகத் தள்ளினாள். க்ளிக் என்றது. திறந்தாள். மறுபடி தள்ளினாள். "நான், நான்" என்று சின்னவளும் இரண்டு தடவை போட்டாள். பிறகு அக்கா ஒரு முட்டையில்லை, இரண்டு முட்டையை அடுப்பில் வைத்தாள். தங்கை கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் நடந்த ஒரு சண்டையை ஆரம்பத்திலிருந்து சொல்லத் தொடங்கினாள்.

சண்டை முடிவதற்குள் யாரோ கதவைத் தட்டினார்கள்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இதுவரை அவர்கள் இருந்த அறைக்குள் யாரும் தட்டிவிட்டு வந்ததில்லை.

"யாரு?" என்றாள் தும்மல்.

"நான்தாம்மா, இயக்குநர்." வெளியே நல்ல குரல், கொஞ்சம் தாழ்ந்து ஒலித்தது. "வெளியூர்லேருந்து ரெண்டு அதிகாரிங்க வந்திருக்காங்க. வீட்டைப் பார்க்கணும்கறாங்க. உள்ள வரலாமா?"

சின்னத் தும்மல் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். தும்மல் அடுப்பைப் பார்த்தாள், தங்கையைப் பார்த்தாள், பாதியில் நின்ற சண்டையை நினைத்தாள்.

"என் தங்கச்சி வந்திருக்கா சார். ஒரு அரை மணி நேரம் கழிச்சு வாங்களேன்."

கதவுக்கு அந்தப் பக்கம் இயக்குநர் திரும்பி யாரிடமோ மரியாதையாகச் சொல்வது கேட்டது:

"வீட்டுக்காரம்மா அப்புறம் வரச் சொல்றாங்க."